குழலைப் பார்த்தாயா?

என் தாயாரின் தந்தையை நாங்கள் அம்மப்பா என்று அழைப்போம். அவருடைய இடக்கையில் மூன்று விரல்களே இருந்தன. சிறு பிராயத்தில் அவர் மடியிலிருந்து அந்த விரல்களை எண்ணிப் பார்த்து, மற்ற இரண்டும் எங்கே போயின என்று நான் கேட்டதுண்டு. "குளவி கொண்டு போய்விட்டது" என்பார் அவர். அது வெறும் விளையாட்டுப் பேச்சன்று என்பதை நான் வளர்ந்த பின்னரே அறிந்தேன்.

அம்மப்பா வன்னியில் நெல் விளைவித்தவர். பயிர் பால் பிடிக்கும் காலத்தில் காட்டுப் பன்றிகள் இரவில் வயலுக்குள் இறங்கிவிடும். அவற்றை விரட்டுவதற்காக அனுமதிப்பத்திரத்துடன் ஓர் ஒற்றைக்குழல் துவக்கு வைத்திருந்தார். 1916ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அந்த அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதை அவர் ஒரு தடவையேனும் மறந்ததில்லை. மறந்தது வேறொன்றை. பல வாரங்களாகச் சுவரில் கிடையாகத் தொங்கிய அந்தத் துவக்கின் குழலுக்குள் ஒரு மண்குளவி நுழைந்து, நடுப்பகுதியில் கூடு கட்டிவிட்டது. மார்கழி மாதத்து இரவொன்றில் பன்றிகளின் உறுமல் கேட்டு, அவசரமாகத் துவக்கை எடுத்துத் தோட்டாவை இட்டு விசையை இழுத்தார். வெடிமருந்தின் ஆவிக்கு வெளியேற வழியில்லை. குழல், அதைத் தாங்கியிருந்த இடக்கையின் அருகிலேயே பிளந்தது.

அதன் பின்னர் அவ்வீட்டில் ஒரு வழக்கு ஏற்பட்டது. துவக்கை யார் எடுத்தாலும் அம்மம்மா, "குழலைப் பார்த்தாயா?" என்று கேட்பார். காலப்போக்கில் துவக்கு பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது; அம்மப்பாவும் மறைந்தார்; அந்தக் கேள்வி மாத்திரம் எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. நான் பரீட்சைக்குப் புறப்படும்போது என் தாயார், பேனையில் மை இருக்கிறதா என்று கேட்கமாட்டார். "குழலைப் பார்த்தாயா?" என்றுதான் கேட்பார்.

இந்தப் பழங்கதை 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் இங்கிலாந்தில் எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது. என் தமக்கையார் அங்கே லிங்கன்ஷயர் மாவட்டத்தில், வயல்களுக்கு நடுவேயுள்ள ஒரு சிற்றூரில் குடும்பத்தோடு வாழ்கிறார். அவருடைய மகனுக்குப் பதினாறு வயது. அருகிலுள்ள பண்ணையொன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்புறா சுடும் விளையாட்டு நடைபெறும். அங்கே சிறு வேலைகளுக்குச் சென்றுவந்த பையனுக்குத் தானும் சுடப் பழகவேண்டும் என்ற ஆசை பிறந்தது. அதற்கான விண்ணப்பத்தில் பெற்றோர் ஒப்பமிட வேண்டும். அக்காவோ ஒப்பமிட மறுத்துவிட்டார்.

துவக்கு என்ற சொல் நம்மவர் இல்லங்களில் எத்தகைய நினைவுகளைக் கிளறும் என்பதை வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அக்கா ஊரைவிட்டுச் சென்றதே அந்தச் சத்தத்துக்கு அஞ்சித்தான். "தம்பி, நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லு. நீ சரியென்றால் நான் யோசிக்கிறேன்" என்றார். மருமகனோ நாற்காலியின் விளிம்பிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். துவக்கைத் தொட்டும் அறியாத ஓர் ஆசிரியனுக்கு இப்படியாக நீதிபதி உத்தியோகம் வந்து வாய்த்தது.

உயிருள்ள புறாவும் மண்புறாவும்

மண்புறா என்பது புறாவுமன்று. இன்று அது மண்ணுமன்று. நம் வீட்டுத் தேநீர்க் கோப்பையின் தட்டைச் சிறிதாக்கிக் கவிழ்த்தாற்போன்ற ஒரு வட்டு அது. குறுக்களவு 110 மில்லிமீற்றர். நிறை ஏறக்குறைய 105 கிறாம். கீலையும் சுண்ணாம்புக்கல் தூளையும் கலந்து, சூடாக்கி, அச்சிலிட்டுச் செய்கிறார்கள். பொறியொன்று அதை வானில் வீச, அது பறந்து செல்லும்போது சுட்டு நொறுக்க வேண்டும். விளையாட்டு இவ்வளவே.

இந்த வட்டுக்குப் புறா என்ற பெயர் வந்த வரலாறு இனியதன்று. முற்காலத்தில் உயிருள்ள புறாக்களையே பெட்டிகளில் அடைத்து வைத்திருந்தனர். சுடுபவர் "இழு" என்று குரல் கொடுத்ததும் ஒருவர் கயிற்றை இழுப்பார், பெட்டி திறக்கும், மிரண்டெழும் பறவையைச் சுடுவார்கள். 1900ஆம் ஆண்டில் பாரிஸ் ஒலிம்பிக் விழாவையொட்டி நடந்த போட்டியில் உயிர்ப் புறாக்களே இலக்குகளாயின. பெல்ஜிய நாட்டவரான லியோன் டி லுண்டன் 21 பறவைகளை வீழ்த்தி முதலிடம் பெற்றார். இங்கிலாந்திலே 1921ஆம் ஆண்டில், அடைத்து வைத்த பறவைகளை இவ்வாறு விடுவித்துச் சுடுவதைத் தடுத்துச் சட்டம் இயற்றப்பட்டது.

உயிருக்குப் பதிலாக வேறொன்றை வைக்கும் முயற்சி அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. அமெரிக்கரான அடம் பொகார்டஸ் என்பவர் கண்ணாடிப் பந்துகளை வீசும் பொறியொன்றுக்கு 1877இல் உரிமம் பெற்றார். உடைந்தால் பறவையின் இறகு பறப்பது போலத் தோன்ற வேண்டுமென்று சில பந்துகளுக்குள் இறகுகளைத் திணித்தும் வைத்தார்களாம். ஆனால் மனிதரும் கால்நடைகளும் நடமாடும் நிலமெங்கும் கண்ணாடிச் சில்லுகள் சிதறிக் கிடந்தால் யார்தாம் பொறுப்பார்? 1880இல் சின்சினாற்றி நகரத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் சுட்ட களிமண் வட்டை உருவாக்கினார். நீரின்மேல் சிப்பி ஓடுகளைத் தத்தித் தத்திச் செல்லும்படி எறிந்து விளையாடிய சிறுவர்களைப் பார்த்தே அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது என்பர். நம்மூர்க் குளங்களில் ஓட்டுச் சில்லை எறிந்து எத்தனை தத்து என்று எண்ணாத பிள்ளைகள் உண்டோ? அதே வித்தைதான். அந்தக் களிமண் வட்டு அளவுக்கு மீறிக் கடினமாயிருந்தமையால், பிற்காலத்தில் கீலும் சுண்ணாம்பும் அதன் இடத்தைப் பிடித்தன. புறா என்ற பெயரும், "இழு" என்ற ஆங்கிலக் கட்டளையும் மாத்திரம் இன்றளவும் மாறவில்லை.

இவ்விளையாட்டு இன்று உலகெங்கும் பரவிவிட்டது. 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் மண்புறா சுட்டவர்களுள் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருதிவிராஜ் தொண்டைமானும் ஒருவர். உயிர்ப் புறாவைச் சுட்ட பாரிஸ் ஒலிம்பிக்குக்கு 124 ஆண்டுகளின் பின்னர், மற்றொரு பாரிஸ் ஒலிம்பிக்கில் வட்டுக்களே நொறுங்கின.

அயலாரின் கோழிகள்

ஞாயிறு காலை மருமகன் என்னைப் பண்ணைக்கு அழைத்துச் சென்றான். வாற்கோதுமை அறுவடையாகித் தாள் மாத்திரம் எஞ்சி நின்ற பெருவெளி. பண்ணைக்காரர் எழுபது வயதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். நான் வந்த நோக்கத்தை மருமகன் முன்னரே சொல்லியிருந்தான் போலும். அவர் என்னிடம் துவக்கைக் காட்டவில்லை. நிலத்தைக் காட்டினார்.

சுடுபவர் நிற்கும் இடத்துக்கு முன்னால் ஏறக்குறைய 300 யார் தூரம் ஆளரவமற்று இருக்க வேண்டும். வீசிய சன்னங்கள் அந்த எல்லைக்குள்ளேயே விழுந்துவிடும். பொதுமக்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை எதுவும் அதற்குள் வரக்கூடாது. கண்ணில் வெயில் படாதவாறு வடதிசையை அல்லது வடகிழக்கை நோக்கிச் சுடுவதே நன்று. தனியான திட்ட அனுமதி பெறாமல் ஒரு வயலை இவ்வாறு உபயோகிப்பதாயின் ஆண்டில் 28 நாட்களுக்கு மேற்படலாகாது. இவற்றைச் சொல்லிவிட்டு, வேலிக்கு அப்பால் மேய்ந்த அயலாரின் ஆடுகளைச் சுட்டிக்காட்டி, "அவை இந்தப் பக்கம் வந்தால் அன்றைக்கு ஆட்டம் இல்லை" என்றார்.

அதைக் கேட்டபோது, நான் முன்னர் படித்திருந்த ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து அன்டோவர் என்னும் ஊரில் சார்ள்ஸ் டேவிஸ் என்பவரும் அவருடைய நண்பர்களும் முதலாம் உலகப்போர்க் காலத்தையொட்டி ஒரு புதுவகை ஆட்டத்தை அமைத்தனர். கடிகார முகம் போன்ற ஒரு வட்டம். அதைச் சுற்றிப் பன்னிரண்டு நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் நின்று சுட வேண்டும். 1923இல் அயல் நிலத்தில் ஒரு கோழிப்பண்ணை தோன்றியது. வட்டத்தின் ஒரு பாதியிலிருந்து சுட்டால் சன்னங்கள் கோழிகளின்மேல் விழும். நண்பர்கள் அயலாரோடு வழக்காடவில்லை. வட்டத்தை இரண்டாக வெட்டி அரைவட்டமாக்கி, எதிர்ப்புறத்தில் இரண்டாவது பொறியொன்றை நிறுத்திவிட்டனர். அவர்களுள் ஒருவரான வில்லியம் ஹார்ண்டன் ஃபொஸ்டர் 1926இல் இவ்வாட்டத்துக்குப் பெயர் சூட்ட 100 டொலர் பரிசு அறிவித்தார். மொன்ரானா மாநிலத்துப் பெண்மணி ஒருவர் அனுப்பிய 'ஸ்கீற்' என்ற பெயர் தெரிவாயிற்று. 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் அந்த ஆட்டம் இடம்பெற்றது. இன்று உலகின் வீரரெல்லாம் அரைவட்டத்தில் நின்று சுடுவதற்கு அயலாரின் கோழிகளே காரணம் என்பதை எண்ணும்போது வியப்பாக இருக்கிறது!

கைமுறிக்கும் பொறி

இவ்விளையாட்டில் துவக்கைக் காட்டிலும் கவனிப்பாரற்றுக் கிடப்பது வட்டை எறியும் பொறிதான். சுடும் கருவிக்கு அஞ்சுகிறவர்கள், எறியும் கருவிக்கு அஞ்சுவதில்லை. அதுவே பெரும் பிழை என்றார் முதியவர்.

பொறியின் உயிர்நிலை ஒரு தடித்த சுருள்வில். அதை இழுத்துக் கொளுவியதும், இரும்புக் கரமொன்று பாய்வதற்கு ஆயத்தமாக நிற்கும். விடுபட்டால் அக்கரம் கண்ணிமைக்கும் நேரத்தில் சுழன்று வட்டை வீசும். அதன் வழியில் மனிதக் கை இருக்குமாயின் எலும்பு முறிவது நிச்சயம். பழைய பொறிகளைக் கையால் இழுத்துக் கொளுவுவார்கள். புதியவை மோட்டார் வண்டியின் 12 வோல்ற் பற்றரியால் தாமாகவே கொளுவிக்கொள்கின்றன. ஆபத்து இங்கேதான். பற்றரியைக் கழற்றிவிட்டால் பொறி செத்துவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் கரம் ஏற்கெனவே கொளுவிய நிலையில் இருந்தால், வில்லுக்குள் அடங்கிய வலிமை அப்படியே காத்திருக்கும். உடைந்த வட்டின் துண்டொன்று சிக்கிக்கொண்டதென்று கையை நுழைத்தால் அந்தக் கணமே கரம் பாய்ந்துவிடக் கூடும்.

ஆகையால் முதியவரின் ஒழுங்கு இது: பொறியைப் பின்புறமாகவே அணுகவேண்டும். கரத்தை வெறுமையாகப் பாயவிட்டு வில்லைத் தளர்த்த வேண்டும். பின்னரே பற்றரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். அதன் பிறகே கை வைக்கலாம். அப்போதும் கரத்தின் வழிக்கு வெளியே நின்றே வைக்க வேண்டும். அன்று மாலை மருமகன் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ததை நான் கண்டேன். நம் பாலர் வகுப்பில் வாய்பாடு சொல்வது போலிருந்தது.

கரத்தின் உட்புறத்தில் ஒரு றப்பர்ப் பட்டி உண்டு. வட்டு அதைப் பற்றி உருளும்போதுதான் சுழற்சி பெறுகிறது. பம்பரம் சுழலும்வரை நிமிர்ந்து நிற்பது போல, வட்டும் சுழலும்வரை நேராகப் பறக்கும். பட்டி தேய்ந்துவிட்டால் வட்டு சறுக்கித் தள்ளாடி விழும்; அல்லது கரத்திலேயே நொறுங்கும். வட்டுக்கள் அடிக்கடி உடைகின்றனவென்று வட்டைப் பழிப்பவர்கள் முதலில் பட்டியைப் பார்க்க வேண்டும். சுழலும் பாகங்களுக்குக் கிறீஸ் இடவேண்டும். வட்டு சறுக்கும் தட்டிலோ கிறீஸ் படவே கூடாது, தூசு ஒட்டிக்கொள்ளும். ஆட்டம் முடிந்ததும் சில்லுகளைத் தூரிகையால் கூட்டி அகற்றி, வில் தளர்ந்த நிலையில் பொறியை மூடி வைக்க வேண்டும். பற்றரியைக் கொட்டிலுக்குள் எடுத்துச் சென்று, நிறைவாக மின்னூட்டி வைப்பர். மின் இறங்கிய நிலையில் ஒரு மாரிக்காலத்தைக் கழித்த பற்றரி, வசந்தத்தில் பெரும்பாலும் உதவாது.

வட்டுக்களையும் எறிந்தவாறு போட்டுவைக்க முடியாது. கீல் வெயிலில் இளகும், வட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வடிவமும் கோணும். பெட்டிகளை மிக உயரமாக அடுக்கினால் அடிப்பெட்டியில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். ஈரமான நிலமும் ஆகாது. ஆகவே நிழலும் உலர்வுமான இடத்தில், நிலத்திலிருந்து உயர்த்திய பலகைகளின்மேல் அவை இருந்தன.

அவற்றுள் ஒரு பெட்டியின்மேல் பன்றியின் படம் வரைந்து குறுக்கே கோடிட்டிருந்தது. காரணம் கேட்டேன். நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற கீலால் செய்த வட்டுக்களின் துண்டுகளைத் தின்ற பன்றிகள் ஈரல் கெட்டு இறந்ததுண்டு. விலங்கு மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி அது. நிலத்தைக் கிளறித் தின்பது பன்றியின் இயல்பல்லவா? ஆகவே சில்லுகள் கிடக்கும் வயலில் பன்றிகளை மேயவிடுவதில்லை. அதே காரணத்தால் பண்ணைகளில் பலர் நச்சுக் குறைந்த புதுவகை வட்டுக்களுக்கு மாறியுள்ளனர். தோட்டாவிலிருந்து சன்னங்களோடு வெளிவரும் பிளாஸ்ரிக் தக்கைகளையும் விலக்கி, மண்ணில் மக்கும் நார்த்தக்கைகளை வாங்குகின்றனர்.

விளக்குக்கு எதிரே குழல்

மாலை நான்கு மணிக்கு ஆட்டம் ஓய்ந்தது. வந்தவர்கள் சென்றுவிட்டனர். இனி வீடு திரும்பலாம் என்று எண்ணினேன். "இனித்தான், மாமா, முக்கியமான வேலை" என்றான் மருமகன்.

கொட்டிலில் நீண்ட மேசை. அதன்மேல் பழைய கம்பளி. முதியவர் தம் இரட்டைக்குழல் துவக்கை மடித்துத் திறந்து, இரண்டு அறைகளும் வெறுமையாயிருப்பதைத் தாம் பார்த்து, மருமகனுக்கும் காட்டி, பின்னர் எனக்கும் காட்டினார். "வெறுமை என்று ஒருவர் சொல்வது போதாது, ஒவ்வொருவரும் தம் கண்ணால் பார்க்க வேண்டும்" என்றார். பின்னர் முன்பிடி, குழல்கள், மரப்பிடி என்று துவக்கு மூன்றாகப் பிரிந்தது.

குழல்களைத் தோட்டா அமரும் பக்கத்திலிருந்தே துடைக்க வேண்டும். முதலில் சலாகையில் துணி சுற்றி வெடிமருந்தின் கரியை நீக்கினார். அடுத்துக் கரைதிரவம் சிறிது விட்டு, வெண்கலக் கம்பித் தூரிகையை முன்னும் பின்னும் செலுத்தினார். ஈயமும் பிளாஸ்ரிக்கும் குழலின் உட்சுவரில் கோடுகளாக ஒட்டியிருக்கும். துணிக்கு அவை அசையமாட்டா. மீண்டும் உலர்ந்த துணி. இறுதியாக எண்ணெய் தோய்ந்த துணி ஒருமுறை. எண்ணெய் என்றால் தாராளமாக ஊற்றுவதன்று. மிகுந்த எண்ணெய் வழிந்து மரப்பிடிக்குள் ஊறி, இரும்பும் மரமும் சேரும் இடத்தை மென்மையாக்கிவிடும். நாளடைவில் மரம் பிளக்கும். பழையவர்கள் துவக்கைக் குழல்வாய் கீழாக நிறுத்தி வைப்பது இதனாலேயே. அடுத்த முறை சுடுவதற்கு முன்னர் அந்த மெல்லிய எண்ணெயையும் துடைத்து நீக்கிவிட வேண்டும்.

அந்நாளில் தோட்டாவின் அடியிலுள்ள வெடிமூடியில் பொற்றாசியக் குளோரேற்று இருந்தது. அது வெடித்தபின் விட்டுச் செல்லும் உப்பு, கடல் உப்பைப் போலவே காற்றின் ஈரத்தை ஈர்த்து ஓரிரவுக்குள் குழலை அரித்துவிடும். ஆதலால் கொதிநீர் விட்டுக் கழுவினார்கள். இன்றைய வெடிமூடிகளில் அந்தக் கேடு இல்லை. ஆனாலும் மழையில் நனைந்த துவக்கு இன்றும் துருப்பிடிக்கவே செய்யும். நனைந்தால் நெருப்பருகே வைத்துக் காய்ச்சக் கூடாது, மரம் வெடிக்கும். துடைத்து, காற்றோட்டமாக ஆறவிட்டு, மறுநாள் எடுத்து மீண்டும் ஒருமுறை துடைக்க வேண்டும். துணியுறையிலோ தோலுறையிலோ இட்டு மறந்துவிடுவது எல்லாவற்றிலும் கெட்டது. உறை ஈரத்தைக் காக்கும். மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் சில துளி, உள்ளங்கையால் தேய்த்துவிட்டாலே போதும். பிணைச்சலில் கடுகளவு கிறீஸ். உள்விசைகளைத் திருகாணி கழற்றிப் பார்ப்பது வீட்டு வேலையன்று. ஆண்டுக்கு ஒருமுறை துவக்குத் தொழிலாளியிடம் கொடுப்பதே முறை.

இவையாவும் முடிந்ததும் முதியவர் குழல்களை உயர்த்தி, விளக்குக்கு எதிரே பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். கண்ணை வைத்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக ஒளிவளையங்கள், குளத்தில் கல்லெறிந்தாற்போல வரிசையாகத் தெரிந்தன. "வளையங்கள் குறையில்லாத வட்டமாயிருந்தால் குழல் நலமாயிருக்கிறது. எங்கேனும் ஒன்று நெளிந்திருந்தால் அங்கே ஒடுக்கம் விழுந்திருக்கிறது. ஒளியே தெரியாவிட்டால், நீர் உயிரோடிருப்பதற்கு மகிழும்" என்றார்.

குழலை அடைப்பது குளவி மாத்திரமன்று. துடைத்த துணியின் துண்டு, குழல்வாய் தரையில் பட்டபோது ஏறிய சேறு, வலுவற்ற தோட்டாவிலிருந்து வெளியேறாமல் நின்ற தக்கை, யாவும் ஒன்றே. எல்லாவற்றினும் கொடியது தோட்டாக்கள் கலந்துவிடுவது. துவக்கின் குழலளவை ஒரு பழைய முறையால் குறிப்பர்: ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சமகுண்டுகளாக்கினால் அக்குண்டின் பருமனே பன்னிரண்டாம் இலக்கக் குழல், இருபதாக்கினால் இருபதாம் இலக்கம். ஆகவே எண் பெருகப் பருமன் சிறுக்கும். இருபதாம் இலக்கத் தோட்டாவைத் தவறுதலாகப் பன்னிரண்டாம் இலக்கத் துவக்கிலிட்டால் அது அறையைத் தாண்டிச் சறுக்கிக் குழலுக்குள் போய் நின்றுகொள்ளும். சுடுபவர், தோட்டா இடவில்லையென்று நினைத்து வேறொன்றை இடுவார். விளைவைச் சொல்ல வேண்டுமா? இதனால்தான் இருபதாம் இலக்கத் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் ஏற்பட்டது. அந்தக் கொட்டிலில் மஞ்சள் தோட்டா ஒன்றேனும் பன்னிரண்டாம் இலக்கப் பெட்டியருகே இருக்கக் கூடாது. அங்கியின் பையை உதறிக் காட்டிய பின்னரே ஒருவர் துவக்கை மாற்றலாம்.

குழலின் அடிப்பகுதியில் பொடிப்பொடியாகச் சில முத்திரைகள் இருந்தன. இங்கிலாந்தில் ஒவ்வொரு குழலும், வழக்கத்தினும் மிகுந்த வலிமையுள்ள மருந்தால் சுட்டுச் சோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். லண்டனில் 1637ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்ற சங்கமும், பேர்மிங்ஹாமில் 1813இல் சட்டத்தால் நிறுவப்பட்ட சோதனைச் சாலையும் இப்பணியைச் செய்து வருகின்றன. இம்முத்திரைகளுக்கு இப்போது புதியதொரு முக்கியத்துவம் வந்துள்ளது. ஈயம் மண்ணையும் பறவைகளையும் நஞ்சாக்குவதால், ஈயச் சன்னங்களைத் தடைசெய்யப் போவதாகவும், மாறிக்கொள்ள மூன்றாண்டு அவகாசம் தருவதாகவும் பிரித்தானிய அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. ஈயத்தின் இடத்துக்கு உருக்குச் சன்னங்கள் வருகின்றன. ஆனால் உருக்கு ஈயத்தைப் போல் நெகிழ்ந்து கொடாது. குழல்வாய் ஒடுங்கிய பழைய துவக்குக்களை வீங்கச் செய்துவிடக் கூடும். வலிமை மிக்க உருக்குத் தோட்டாக்களுக்கெனச் சோதிக்கப்பட்ட குழலில் அல்லி மலர் போன்ற சிறு முத்திரை இருக்கும். தந்தை வழியில் வந்த தம் பழந்துவக்கில் அது இல்லாமையால், அதில் அத்தகைய தோட்டாக்களைச் சுடுவதற்கில்லை என்று வருத்தத்தோடு சொன்னார் முதியவர்.

கடைசியாகத் துவக்குக்கள் சுவரோடு பிணித்த இரும்பு அலுமாரிக்குள் சென்றன. அவற்றை வைத்திருக்கப் பொலிசார் வழங்கும் சான்றிதழ் வேண்டும். வீட்டையும் அலுமாரியையும் பார்த்து, வைத்தியரின் குறிப்பையும் பெற்றே அதை வழங்குவர். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சான்றிதழ் இல்லாதவர் திறப்பு இருக்குமிடத்தை அறியலாகாது. "ஐம்பது ஆண்டுகளாக என் மனைவிக்கும் தெரியாது" என்று சொன்னபோதுதான் அன்று முதன்முறையாக அவர் சிரித்தார்.

அக்காவின் கேள்வி

இரவு உணவின்போது கண்டவற்றையெல்லாம் சொன்னேன். நிலத்தின் எல்லை, பொறியின் வில், பன்றிகள், மஞ்சள் தோட்டா, திறப்பு என்று நீண்டது என் சாட்சியம். பதினெட்டு வயதுக்கு முன்னர் பையன் துவக்கையோ தோட்டாவையோ விலைக்கு வாங்க இயலாது என்பதையும் சொன்னேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த மனிதர் குழலைப் பார்க்கிறாரா?"

"எடுக்கும்போதும் பார்க்கிறார். துடைத்த பின்னும் பார்க்கிறார். பூட்டுவதற்கு முன்னும் பார்க்கிறார்" என்றேன்.

அக்கா மகனின் பக்கம் திரும்பினார். அம்மப்பாவின் விரல்களைப் பற்றி அவனுக்கு அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. அன்றிரவு அவரே சொன்னார். குளவியையும், மார்கழி இருளையும், தம் தாயார் கிழித்த சேலைத் துணியால் அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு மாட்டுவண்டியில் சென்றதையும் சொன்னார். நான் கேட்டிராத பகுதிகளும் அதிலே இருந்தன. பையன் உணவைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

அக்கா அன்று ஒப்பமிடவில்லை. "இந்த மாரிக்காலம் முழுவதும் துடைக்கும் வேலையை மாத்திரம் செய். தை மாதத்தில் விண்ணப்பத்தைக் கொண்டு வா" என்றார். அவன் முகம் சற்று வாடியது. ஆனால் மறுத்துப் பேசவில்லை. முதியவரிடம் இதைச் சொன்னபோது, தம் தந்தையாரும் தம்மிடம் அதையேதான் சொன்னார் என்றாராம்.

துவக்கை நல்லதென்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அதனால் நாம் இழந்தவை ஏராளம். ஆயினும் கத்தியானாலும், மோட்டார் வண்டியானாலும், மண்ணெண்ணெய் அடுப்பானாலும், அது தரும் தீங்கிற் பெரும்பகுதி, உபயோகித்த பின்னர் அதை மறந்துவிடும் நம்மாலேயே நேர்கிறது. சுடுவதற்கு ஒரு கணம் போதும். துடைப்பதற்கு அரைமணி நேரம் வேண்டும். பிள்ளைகளுக்கு முதலிற் கற்பிக்க வேண்டியது அந்த அரைமணி நேர வேலையையே.

தை பிறந்தது. பொங்கலன்று தொலைபேசியில் அக்காவின் குரல் கேட்டது. ஒப்பமிட்டுவிட்டதாகச் சொன்னார். அருகில் நின்ற என் தாயார் தொலைபேசியை வாங்கிப் பேரனை அழைத்துக் கேட்டது என்ன என்பதை வாசகர்கள் தாமே ஊகித்துக்கொள்வர்.